மேடையில் நம் குரல் நமக்குக் கேட்க: வெட்ஜா, இன்-இயரா?

நாலு கச்சேரி பார்த்த எந்த பேண்டிலும் இந்தச் சண்டை ஒரு தடவையாவது வந்திருக்கும். பாடுபவர், "என் குரல் எனக்கே கேட்கலை" என்பார். டிரம்ஸ் சத்தத்தில் தன் வாசிப்பு கேட்கவில்லை என்று கிட்டார்காரர் ஆம்பைக் கொஞ்சம் ஏற்றுவார். அதற்கு ஈடுகொடுக்க பேஸ் ஏறும், கீபோர்டு ஏறும், டிரம்மர் இன்னும் ஓங்கி அடிப்பார். மூன்றாவது பாட்டில் மானிட்டர் (மேடையில் இருப்பவர்களுக்கு அவர்கள் ஓசையையே கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) கீச்சென்று கத்தும், கூட்டத்தில் பாதிப் பேர் காதைப் பொத்துவார்கள். அடுத்த ஒத்திகையில் யாராவது ஒருவர், "பேசாமல் எல்லாரும் இன்-இயர் வாங்கிடலாமா?" என்று ஆரம்பிப்பார். இன்-இயர் என்பது காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டர், வெட்ஜ் என்பது மேடைத் தரையில் கிடக்கும் சாய்வான மானிட்டர் பெட்டி.

வாங்கலாம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை. எல்லோரும் எதில் ஓசை நன்றாக இருக்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் இன்-இயர் எப்போதும் ஜெயிக்கும், பேச்சே இல்லை. பொழுதுபோக்காக வாசிக்கும் ஒரு குழுவுக்கு முடிவைத் தீர்மானிப்பது வேறு இரண்டு விஷயங்கள்: மேடையில் இருக்கும் மிக்ஸர் யாருடையது? ஏதாவது நடுவில் செத்துப்போனால் பாட்டு நிற்குமா, ஓடுமா?

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், மேடைச் சத்தம். சின்ன அறையில் டிரம்மரின் காதருகே சத்தம் 100 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே எண்ணிக்கொண்டு போனால் 100 டெசிபலில் கிடைப்பது 15 நிமிடம், அதாவது மூன்றரைப் பாட்டு. மானிட்டர் என்பது இந்தச் சத்தத்தின் மேல் இன்னும் கொஞ்சம் சத்தத்தை ஊற்றுகிற வழியா, அல்லது இதைக் காதுக்கு வெளியே நிறுத்துகிற வழியா என்பதில்தான் கீழே வரும் நான்கு வழிகளும் பிரிகின்றன.

அடுத்தது, மிக்ஸரின் ஆக்ஸ் எண்ணிக்கை. ஆக்ஸ் என்பது மானிட்டருக்கென்று ஓசையைத் தனியாக அனுப்பும் வழி. ஆக்ஸ் ஒன்றுக்கு ஒரு தனி மிக்ஸ், அதாவது யார் ஓசை எவ்வளவு என்ற கலவை. சிறிய அனலாக் மிக்ஸரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் ஒன்று எஃபெக்டுக்குப் போய்விடும். இருக்கிற ஆக்ஸ் ப்ரீ-ஃபேடரா, அதாவது கூட்டத்துக்கான சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைச் சாராததா என்றும் பாருங்கள். போஸ்ட்-ஃபேடராக இருந்தால், கூட்டத்துக்காக ஃபேடரை ஏற்றும்போதெல்லாம் மேடை மானிட்டரும் சேர்ந்து ஏறும். மானிட்டர் சரியில்லை என்று புலம்பிய இரண்டு குழுக்களில் நான் போய்ப் பார்த்தபோது கோளாறு இந்த ஒற்றைப் பொத்தானில்தான் இருந்தது.

மூன்றாவது, யார் கவனிப்பது. தனியாக ஒரு சவுண்ட்காரர் இருக்கிறாரா, அல்லது கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் மிக்ஸரையும் பார்க்கிறாரா?

மீதி மூன்றும் சுருக்கமாக: தூக்கிப் போகும் சுமை, மேடையில் பொருத்தும் நேரம், பழுதானால் நடப்பது.

இந்த அளவுகோல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## வழி 1: தரையில் வெட்ஜ்

1965-ல் பீட்டில்ஸ் குழு நியூயார்க்கின் ஷியா மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னால் வாசித்தபோது, அவர்களுக்கென்று மேடை மானிட்டரே இல்லை. கூச்சலில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காமல் பாடினார்கள். அந்தக் காலத்துக் குறையைத் தீர்க்க வந்த சாய்வுப் பெட்டிதான் வெட்ஜ். இன்றும் எந்த அரங்கத்துக்குப் போனாலும் குறைந்தது இரண்டாவது கிடக்கும்.

இதன் பெரிய பலம், யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருந்தாளிப் பாடகர் திடீரென்று மேடையேறினாலும் அவருக்கும் கேட்கும். கூட்டத்தின் கைதட்டலும் முணுமுணுப்பும் நேராகக் காதில் விழும். வெட்ஜ் ஒன்று செத்தால் பக்கத்தில் இருப்பவரின் வெட்ஜ் கொஞ்சம் உதவும். பாட்டு நிற்காது.

பலவீனம் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கரின் ஓசை மறுபடி மைக்குக்குள் புகுந்து பெருகிக் கத்துவது. வெட்ஜை எங்கே வைப்பது என்பது மைக்கைப் பொறுத்தது என்று பலருக்குத் தெரிவதே இல்லை. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு (முன்பக்க ஓசையை அதிகம் பிடிக்கும்) மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு. அதனால் வெட்ஜ் பாடகருக்கு நேர் எதிரே, மைக்கின் வாலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. அதன் செவிட்டு மூலை சுமார் 125 டிகிரியில், பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களில் இருக்கிறது. அங்கே வெட்ஜைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வைக்க வேண்டும். "நல்ல மைக் வாங்கினோம், முன்னைவிட அதிகமாகக் கத்துது" என்று சொல்பவர்களில் பலர் மைக்கை மாற்றிவிட்டு வெட்ஜைப் பழைய இடத்திலேயே விட்டவர்கள். இன்னொன்று, மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடுவது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால் பின்பக்கத் துளைகளை அடைத்ததும் அந்த மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும், வெட்ஜ் உடனே ஊளையிடும்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம், கத்தாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். கோரஸ் பாடாத நேரத்தில் கோரஸ் மைக்குகளை மூடிவைத்தாலே பாதித் தலைவலி போய்விடும்.

மறைமுகச் செலவு என்றால், முதலில் சுமை. 12 அங்குல பவர்டு வெட்ஜ் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) ஒன்று பெரும்பாலும் 15 கிலோவை ஒட்டி இருக்கும். நான்கு பேருக்கு நான்கு என்றால் வண்டியில் பாதி இடம் அதற்கே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்ட் வயர், ஒரு சிக்னல் வயர். அடுத்தது, கூட்டத்துக்குப் போகும் ஓசை கெடுவது. வெட்ஜின் முதுகிலிருந்து வழியும் கீழ்ச்சுருதி முழுக்க முன்வரிசையில் போய்க் குழம்பாகும். வெட்ஜில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாடகருக்கு அது தேவையே இல்லை, வெளியே ஓசை தெளியும்.

எப்போது இதுவே சரி: அரங்கத்துக்காரர்களே சவுண்ட் வைக்கும் கச்சேரிகள் அதிகம் என்றால். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஆட்கள் பாடினால். டிரம்ஸ் அடக்கமாக இருந்தால்.

## வழி 2: தூண் (column) ஸ்பீக்கரைப் பின்னால் நிறுத்துவது

ஒல்லியான தூண் மாதிரி ஸ்பீக்கர், அடியில் கீழ்ச்சுருதிக்கென்று ஒரு சப்வூஃபர். 2003-ல் போஸ் நிறுவனம் எல்1 வரிசையைக் கொண்டுவந்தபோது சொன்ன யோசனை, இதைக் குழுவுக்குப் பின்னால் வையுங்கள், கூட்டம் கேட்பதையே நீங்களும் கேளுங்கள் என்பது. மானிட்டர் என்று தனியாக எதுவும் வேண்டாம். ஆக்ஸ் வேண்டாம். பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம்.

கேட்க அழகாக இருக்கிறது, ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) என்று இருக்கும்வரை உண்மையும்கூட. ஸ்பீக்கர்கள் செங்குத்தாக அடுக்கியிருப்பதால், தூரம் போகப்போகச் சத்தம் சாதாரணப் பெட்டியைவிட மெதுவாகத்தான் குறைகிறது. முன்னால் நிற்பவர் காதைப் பொத்த வேண்டியதில்லை, பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்.

முழு டிரம்ஸ் செட் வந்துவிட்டால் கதை மாறும். பாடகரின் மைக் பார்ப்பது பாடகரின் முகத்தை, அவருக்குப் பின்னால் நிற்பது அதே ஸ்பீக்கர். அவர் குனிந்தாலோ நகர்ந்தாலோ மைக் நேராகத் தூணைப் பார்க்கும். சத்தத்தை ஏற்ற இடமே இருக்காது. நான் பார்த்தவரை டிரம்ஸோடு இதை முயன்ற குழுக்கள் இரண்டாவது கச்சேரியிலேயே தூணை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வெட்ஜைத் தேடின.

எப்போது இதுவே சரி: இரண்டு மூன்று பேர், தோல் வாத்தியம் சின்னது, உட்கார்ந்து கேட்கும் கூட்டம்.

## வழி 3: கம்பியோடு இன்-இயர்

இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இன்-இயர் என்றதும் மனதில் வருவது இடுப்பில் பெட்டி, வயர் இல்லாத சுதந்திரம். ஆனால் டிரம்மர் எங்கே ஓடப் போகிறார்? கீபோர்டுக்காரர்? உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும் இருவருக்கும், மைக் ஸ்டாண்டை விட்டு நகராத பேஸ்காரருக்கும் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்பும் நீளமான கேபிளும் போதும். அலைவரிசைப் பிரச்சினை இல்லை, குறுக்கீடு இல்லை, தாமதம் இல்லை. ஒரே ஒரு வயர்லெஸ் செட்டின் விலையில் இப்படி மூன்று நான்கு பேரைத் தயார் செய்துவிடலாம்.

இன்-இயரின் பொதுவான நன்மைகள் எல்லாம் இதிலும் உண்டு. காதில் ஒழுங்காகப் பொருந்திய ஃபோம் முனை வெளிச்சத்தத்தை 20 முதல் 30 டெசிபல் வரை தடுக்கும். வெளியே 100 இருந்தாலும் உள்ளே 75 போல. அதன்மேல் உங்களுக்கு வேண்டியதைச் சிறிய அளவில் கேட்டால் போதும். 1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகத் தனியாக இன்-இயர் செய்துகொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் தொடங்கியது அப்படித்தான். டிரம்மருக்குத்தான் இது முதலில் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். உங்கள் குழுவிலும் முதல் செட் அவருக்கே போக வேண்டும்.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். கம்பியோ வயர்லெஸோ, இவை இரண்டுக்கும் பொது.

எல்லாம் மிக்ஸர் வழியாக வந்தாக வேண்டும். காதை மூடிக்கொண்ட பிறகு மைக் இல்லாத வாத்தியம் உங்களுக்கு இல்லாத வாத்தியம். வெட்ஜ் காலத்தில் டிரம்ஸுக்கு மைக்கே வைத்திருக்க மாட்டோம். இப்போது குறைந்தபட்சம் கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, தலைக்கு மேல் ஒன்று வேண்டும். மைக், ஸ்டாண்டு, கேபிள், மிக்ஸரில் இரண்டு சேனல். பட்ஜெட் போடும்போது இதை யாரும் எழுதுவதில்லை.

ஆளுக்கு ஒரு மிக்ஸ். வெட்ஜில் அடுத்தவர் மிக்ஸைப் பகிர்ந்துகொள்ளலாம், ஏனென்றால் மேடையில் இயல்பாகக் கேட்பது மீதியை நிரப்பிவிடும். இன்-இயரில் அந்த மீதி கிடையாது. அதனால் ஆக்ஸ் நிறைய உள்ள டிஜிட்டல் மிக்ஸர் கிட்டத்தட்டக் கட்டாயம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18-ஐ எடுத்துக்கொண்டால் ஆறு ஆக்ஸ்: மோனோவில் ஆறு பேர், ஸ்டீரியோவில் மூன்று பேர். ஒவ்வொருவரும் தங்கள் ஃபோனிலேயே தங்கள் மிக்ஸைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது பெரிய வரம், சவுண்ட்காரரைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு வெளி ரூட்டரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மிக்ஸருக்குள் இருக்கும் வைஃபை, காலி அறையில் ஓடும். அறை நிறைய ஃபோன்கள் வந்த பிறகு திணறும்.

தனிமை. முதல் தடவை போட்டவர்கள் எல்லோரும் சொல்வது, "ஏதோ கிணற்றுக்குள் நின்று பாடுவது மாதிரி இருக்கு." காதை அடைத்ததும் சொந்தக் குரல் மண்டைக்குள் உறுமும். கூட்டம் கைதட்டியதா என்றே தெரியாது. மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதைக் காதுக்கு மட்டும் அனுப்பினால் இது பெரிதும் சரியாகும். குழுவுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு மைக்கும் வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் "அடுத்த பாட்டு எந்த ஸ்கேல்?" என்ற கேள்வி யார் காதிலும் விழாது.

ஒரு காதைக் கழற்றிவிடும் பழக்கம். பாடகர்கள் கூட்டத்தைக் கேட்பதற்காக இதைச் செய்கிறார்கள். அடைத்த காதில் சத்தம் போதாமல் ஏற்றுவார்கள், திறந்த காதில் மேடைச் சத்தம் முழுதாக அடிக்கும். காதைக் காப்பாற்ற வாங்கிய பொருளால் இரண்டு காதும் கெடும்.

லிமிட்டர், அதாவது சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் வசதி. இதில் சமரசமே வேண்டாம். மைக் கீழே விழுந்தாலும், யாராவது கேபிளைப் பிடுங்கினாலும், ஃபாண்டம் பவரை (மிக்ஸரிலிருந்து மைக்குக்குப் போகும் மின்சாரம்) தட்டினாலும் அந்த வெடிச் சத்தம் செவிப்பறைக்கு ஒரு அங்குலம் தள்ளிக் கேட்கும். மலிவான ஹெட்ஃபோன் ஆம்புகள் பலவற்றில் லிமிட்டர் இருக்காது. மிக்ஸரின் ஒவ்வொரு ஆக்ஸிலும் போட்டுவிடுங்கள்.

எப்போது இதுவே சரி: சொந்த மிக்ஸர், நகராத வாத்தியக்காரர்கள், வாரம் ஒரு ஒத்திகை. புதிதாகத் தொடங்கும் பெரும்பாலான குழுக்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

## வழி 4: வயர்லெஸ் இன்-இயர்

மேலே சொன்ன எல்லாச் செலவும் இருக்கிறது, அதன்மேல் காற்று என்ற ஒரு தொல்லை.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் டிஜிட்டல் செட்டுகள் விலை குறைவு, எங்கும் உரிமம் தேவைப்படாது என்பதால் வாங்கத் தூண்டும். ஆனால் அது வைஃபையும் புளூடூத்தும் ஓடும் அதே தெரு. மாலை ஐந்து மணி சவுண்ட் செக்கில் அறை காலி, எல்லாம் பிரமாதம். எட்டு மணிக்கு இருநூறு பேர் பையில் ஃபோனோடு வந்து உட்காருவார்கள். எங்கள் பாடகிக்கு ஒரு முறை சரணத்தின் நடுவில் காது முழுக்க மௌனமாகிவிட்டது. ஒரு வரியைத் தவறவிட்டு, காதுக்குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் பல்லவியைப் பிடித்தார். அன்று காலடியில் வெட்ஜ் ஒன்று இருந்ததால் தப்பித்தோம்.

யுஎச்எஃப் (டிவி ஒளிபரப்பும் ஓடும் ரேடியோ பட்டை) செட்டுகள் நம்பகமானவை. ஆனால் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு வேறு, காலத்துக்குக் காலம் மாறும். அமெரிக்காவில் 617 முதல் 652 வரையிலும், 663 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் வயர்லெஸ் மைக்குகள் 2020 ஜூலையோடு தடையாகிவிட்டன. அந்தப் பட்டையில் ஓடும் செட்டுகள்தான் பழைய சாமான் சந்தையில் அதிசய விலைக்குச் சுற்றுகின்றன. செகண்ட்ஹேண்டு வாங்குபவர்கள் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கும் அலைவரிசை எண்ணை முதலில் படியுங்கள்.

தாமதத்தையும் கவனிக்க வேண்டும். அனலாக் யுஎச்எஃப்பில் அது கிட்டத்தட்ட இல்லை. நல்ல டிஜிட்டல் செட்டில் 5 மில்லிசெகண்ட் அளவு. ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லிசெகண்ட் ஆவதால், இது ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஆம்பைக் கேட்பது போலத்தான். வாத்தியக்காரருக்குப் பொருட்டே இல்லை. பாடுபவருக்கு மட்டும் தன் மண்டைக்குள் கேட்கும் குரலும் காதில் வரும் குரலும் லேசாக மோதி ஓசை கொஞ்சம் டப்பாவாகத் தெரியலாம். வீட்டில் இருக்கும் புளூடூத் இயர்பட்டைப் போடலாமே என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். சாதாரண புளூடூத்தில் தாமதம் 100 முதல் 200 மில்லிசெகண்ட். 120 டெம்போவில் ஒரு அடியின் கால் பாகமே 125 மில்லிசெகண்ட். தாளம் போய்விடும், ஆசையை விட்டுவிடுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை எத்தனை ரிசீவரும் கேட்கலாம். ஸ்டீரியோ செட்டாக இருந்தால் இடப்பக்கத்தில் பாடகரின் மிக்ஸ், வலப்பக்கத்தில் கிட்டார்காரரின் மிக்ஸ் என்று அனுப்பி, ஆளுக்கொரு ரிசீவரில் தத்தம் பக்கத்தை மட்டும் மோனோவாகக் கேட்கலாம். ஒரு டிரான்ஸ்மிட்டர், இரண்டு பேர். ரிசீவரில் இந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் வாங்குமுன் பாருங்கள். பேட்டரியை ஒவ்வொரு கச்சேரிக்கும் புதிதாக மாற்றுவதை வழக்கமாக்குங்கள், "போன வாரம் ஒரு மணி நேரம்தானே ஓடிச்சு" என்ற கணக்கு மேடையில் செல்லாது.

எப்போது இதுவே சரி: பாடகர் மேடையில் ஓடி ஆடுபவர் என்றால். மற்றவர்கள் ஏற்கெனவே கம்பி இன்-இயரில் பழகி, மைக் எண்ணிக்கையும் மிக்ஸரும் தயாராக இருந்தால்.

## அடுத்தவர் மிக்ஸரில் மாட்டும்போது

அரங்கத்துக்காரர் மிக்ஸரில் உங்களுக்கு ஐந்து ஆக்ஸ் தரமாட்டார். இருந்தாலும் ஒரு மணி நேரம் அதைச் சரிசெய்ய நேரமும் தரமாட்டார். இன்-இயர் குழுக்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, சொந்த மிக்ஸரை ஒரு ரேக்கில் போட்டு, கூடவே ஒரு ஸ்ப்ளிட்டர் வைப்பது. எல்லா மைக்கும் முதலில் உங்கள் ரேக்குக்கு வரும், அங்கிருந்து ஒரு பிரதி உங்கள் மிக்ஸருக்கு, இன்னொன்று அவர் மிக்ஸருக்கு. அருமையான ஏற்பாடு. ஒத்திகையில் சேமித்த மிக்ஸ் அப்படியே எந்த மேடையிலும் கிடைக்கும். ஆனால் ஸ்ப்ளிட்டர், இரட்டைக் கேபிள்கள், எல்லாவற்றுக்கும் பெயர்ச்சீட்டு என்று சேர்த்தால், இன்-இயர் வாங்கும் செலவைவிட இது பெரிது. நிறைய குழுக்கள் காதுக்குழாய்களை வாங்கிவிட்டு இந்த இடத்தில்தான் முழிக்கின்றன.

வருடத்துக்கு நாலைந்து கச்சேரி, அதுவும் எல்லாம் பிறர் மேடையில் என்றால், வெட்ஜோடு சமாதானமாகிவிடுங்கள். டிரம்மருக்கு மட்டும் ஒரு கம்பி இன்-இயர் கொடுங்கள்.

## என் பேச்சைக் கேட்டு வாங்குவதென்றால்

எதையும் வாங்கும் முன் ஒரு ஒத்திகையில் இதைச் செய்யுங்கள். தரையில் கிடக்கும் கிட்டார் ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து கிட்டார்காரரின் காதைப் பார்க்க வையுங்கள். இதுவரை அது அவர் முழங்காலுக்கும் முன்வரிசைக்கும்தான் வாசித்துக்கொண்டிருந்தது. சாய்த்த மறுநிமிடம் அவரே கையை நீட்டி வால்யூமைக் குறைப்பார். பாதிக் குழுக்களில் மானிட்டர் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடுகிறது, காசு செலவில்லை.

அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், வாங்கும் வரிசை: டிரம்மருக்கும் கீபோர்டுக்கும் கம்பி இன்-இயர், பாடகருக்கு ஒரே ஒரு நல்ல வெட்ஜ், டிரம்ஸுக்கு இரண்டு மைக், ஆறு ஆக்ஸ் உள்ள டிஜிட்டல் மிக்ஸர். வயர்லெஸ் கடைசி, அதுவும் பாடகருக்கு மட்டும். புதிதாக எது வந்தாலும் மூன்று ஒத்திகையாவது அதோடு வாசித்த பிறகே மேடைக்கு எடுத்துப் போங்கள்.

பாடகர் வயர்லெஸுக்கு மாறிய பிறகும் அந்த ஒற்றை வெட்ஜை விற்றுவிடாதீர்கள். அவர் காலடியில் மிதமான சத்தத்தில், குரல் மட்டும் போட்டு வைத்திருங்கள். எங்கள் வண்டியில் அது இன்னும் கடைசியாக ஏறி முதலில் இறங்குகிறது.